செக் நாட்டு மூணு

எனக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. நான் பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து வளர்த்தது அஞ்சு. ஒன்றும் சோடை போகவில்லை. ரெண்டாங்கிளாசுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள்தான். இருந்தாலும் செக் பாஷையில் மூணு சொல்லச் சொல்லுங்கள், பிசகாமல் சொல்வேன்.

அம்மாவின் தம்பிக்குத் திருச்சிப் பக்கம் பாய்லர் பேக்டரியில் வேலை. அங்கிருந்து அவரைச் செக்கோஸ்லோவாகியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். போகுமுன் மாரண்டஹள்ளியில் எங்கள் வூட்டுக்கு வந்து தங்கினார். பேக்டரியில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் சொல்லிக்கொடுத்த அந்தப் பாஷைதான் எந்நேரமும் வாயில். ஒண்ணு, ரெண்டு சுலபம். மூணுதான் வில்லங்கம். த்ர்ஷி என்று வர வேண்டும். நாக்கு நுனி 'ர்' என்று நடுங்கும்போதே பல்லிடுக்கில் 'ஷ்' என்று காற்றும் போக வேண்டும்.

சொல்லிக்கொடுக்க மாமாவுக்கு என் அக்கா போதும். நாக்கு தெரியட்டுமென்று கைக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அவள் 'த்ரி' என்பாள்.

"இல்ல புள்ள, இன்னொருக்கா."

'த்ஷி' என்பாள். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். எட்டு வயசில் என் பொறாமையைப் படியில் அளந்திருந்தால் கோபுரம் கட்டி வழிந்திருக்கும்.

எருமை மேய்க்கப் போன இடத்தில் நாக்கு புண்ணாகச் சொல்லிப் பார்த்தேன். எருமை காதை ஆட்டியது. ஒருநாள் மூணு என் நாக்குக்கு வந்தே விட்டது. ஓடிவந்து மாமா முன்னால் நின்று சொன்னேன்.

"அடேங்கப்பா! எங்க வெள்ளக்கார வாத்தியாரே தோத்தாரு போ!" என்று ஒரு பொரியுருண்டையைக் கையில் வைத்தார். "சரி கண்ணு, எருமையத் தனியா வுட்டுட்டு வந்துட்ட பாரு. ஓடு."

கண்ணாடி மறுபடி அக்கா பக்கம் திரும்பியது. சரியாகச் சொன்னவளுக்கு எருமை, தப்பாகச் சொன்னவளுக்குக் கண்ணாடியா?

மாமாவைப் பாலக்கோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். அக்கா மட்டும் வழியனுப்ப வரவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அதே கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். த்ர்ஷி. த்ர்ஷி. என்னுடையதைவிடச் சுத்தம்.

"மொத நாளே வந்துடுச்சுடி," என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

நேரே அம்மாவிடம் ஓடினேன். "அக்கா தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் சொல்லி மாமாவ ஏமாத்திட்டாம்மா!"

அக்காவுக்கு முதுகில் விழும் என்று காத்திருந்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் அப்பாவிடம் என்னவோ குசுகுசுத்தாள். அவரும் சிரித்தார். பயிற்சி முடிந்து வந்து மாமா அக்கா கழுத்தில் தாலி கட்டினார். அன்றைக்கும் நான் பந்தியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அவருக்குச் சரியாகச் சொல்லிக் காட்டியவள் நான்தானே என்று உட்கார்ந்திருந்தேன்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின வரைக்கும் படிச்சுக் காட்டு. அந்த மூணு வர்ற இடத்துல நிறுத்திக்கோ. உன் நாக்குக்கு வராது. நான் சொல்றேன்.