விமானம் ஏறாத மல்லிகை

எங்கள் ஊர் சிம்பாங் பூலாய் சந்தையோரம் பூ விற்கும் அந்த அக்காவின் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. நெற்றியில் பெரிய பொட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். கண் எப்போதும் கைப்பேசியில் ஓடும் உலகச் செய்தியில் இருக்கும். விரல்கள் அதுபாட்டுக்குப் பூத் தொடுக்கும்.

மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் போனேன். மல்லிகை இல்லை. எங்கோ போர் மூண்டு, விமானங்கள் குறைந்து, இந்தியாவிலிருந்து பூ வரவில்லையாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா, அக்கா?" என்று கத்திவிட்டேன்.

"கல்யாணத்துக்கு நாள் பாக்குறோம். சண்டைக்கு யாரு நாள் பாக்குறா, அண்ணே?"

கேமரன் மலை வெள்ளைச் செவ்வந்தியைத் தொடுத்து, வாசத்துக்கு நடுநடுவே பாண்டான் இலையை நறுக்கிச் செருகிக் கொடுத்தார். கூடவே ஈரத்துணி சுற்றிய ஒரு மல்லிகைக் குச்சி.

"வீட்டுல நட்டு வைங்க. பூத்தா எனக்குக் கொண்டாங்க. வர்றவங்க எல்லாருக்கும் இப்படி ஒரு குச்சி குடுக்குறேன். அடுத்த சண்டைக்குள்ள நம்ம பூ நம்மகிட்ட இருக்கணும்லா."

மணமேடையில் மகளின் ஜடையை எல்லோரும் முகர்ந்து பார்த்தார்கள்.

குச்சி துளிர்க்கும் என்றே நான் நம்பவில்லை. சில மாதத்தில் பூத்தது. ஒரு கைப்பிடி மொட்டோடு போனபோது விமானங்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. கடையில் இந்திய மல்லிகை குவிந்து கிடந்தது. கூச்சத்தோடு திரும்பினேன்.

"அண்ணே, எங்க போறீங்க? குடுங்க."

அவர் மடியருகே ஏழெட்டுக் கிண்ணங்கள். யார் யார் வீட்டு மொட்டுகளோ! என்னுடையதையும் சேர்த்து ஒரே சரமாகத் தொடுக்கத் தொடங்கினார். அன்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார். கண் பூவில் இருந்தது.