கொழும்பைச் சுற்றிக் காட்டிய மாமா

கண்டி அரசனின் சிம்மாசனத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, அதன் முன்னால் என்னை நிற்கவே விடவில்லை. கொழும்பு நூதனசாலையில் அது கண்ணாடிக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்தது. "ராசான்ர கதிரை. பாத்தாச்சே? நட பிள்ளை" என்று மாமா என் தோளைத் தள்ளினார். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா முன்னமே நியூசிலாந்துக்கு, இந்த ஒக்லாந்துக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்துக் கிடந்தோம்.

சில காலைகளில் மாமா மூச்சு வாங்க வந்து நிற்பார். "வெளிக்கிடுங்கோ அக்கா, கொழும்பு பாப்பம்." ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம், புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம், காலிமுகத்திடல், எல்லாம் ஓட்டமும் நடையும்தான். ஒல்லாந்தர் வந்த கதையைத் தேவாலயப் படியில் தொடங்கினால், அடுத்த தெருவில்தான் முடிப்பார். அதில் பாதி அவருடைய சொந்தச் சரக்கு. கடலைக் கண்டு நான் உட்கார்ந்தால் கையைப் பிடித்து எழுப்பிவிடுவார். விசர் மனுசன் என்று மனதுக்குள் எத்தனை தரம் திட்டியிருப்பேன்.

இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகு, சான்ட்ரிங்ஹாம் வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டே அம்மா விஷயத்தைச் சொன்னார். அந்த யுத்த காலத்தில் எங்களைப் போல வடக்கிலிருந்து வந்த தமிழர்கள் கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும். எங்களுடையது முடிந்துபோயிருந்தது. லொட்ஜில் சோதனை வரப்போகிறது என்று காதில் விழும் நாட்களில்தான் எங்களுக்கு அந்தச் சுற்றுலா. பிடிபட்டிருந்தால் அப்பாவிடம் வந்து சேர்ந்திருக்கமாட்டோம். மாமாவும் உள்ளே போயிருப்பார்.

அந்த அவசரம் இன்னும் என் காலை விட்டுப் போகவில்லை. விருந்தினரை மவுண்ட் ஈடனுக்குக் கூட்டிப்போனால், எரிமலை வாயை எட்டிப் பார்த்த கையோடு "பாத்தாச்சே? நடவுங்கோ" என்பேன். மகள் முகத்தைச் சுளிப்பாள்.

வருகிற விடுமுறையில் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன். எதை முதலில் காட்டலாம் என்று போன கிழமை மாமாவுக்கு போன் எடுத்துக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் பிள்ளை. நான் ஒண்டையும் வடிவாப் பாக்கேல்லை. உங்கள் ரெண்டு பேரையும், பின்னால ஆர் வருகினம் எண்டதையும்தான் பாத்தனான்."

இந்த முறை எல்லாரும் ஆறுதலாக இருந்து பார்ப்போம், நீங்களும் வாருங்கள் என்றேன். ஓம் என்றார். பிறகு, "மகள் தமிழ் கதைப்பாளே?" என்று கேட்டார்.

"விளங்கும் மாமா. பதில் எல்லாம் இங்கிலீஸ்தான்" என்றேன், வெட்கத்தோடு.

"அது நல்லதாப் போச்சு" என்றார். "றோட்டில ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம்."