பத்மஜாவின் குதிரைக் கணக்கு

"ஷூவைக் கழட்டாதே. அதோடதானே ஓட்டப்போறாய்?" என்று பிரஜினை ஹெல்மெட்டும் தலையுமாக எடைக் கருவியில் ஏற்றிவிட்டு, குனிந்து பார்க்கிறார் பத்மஜா. அவன் கார் ஏற்கெனவே லாரி எடைமேடையில் ஏறி இறங்கி வந்துவிட்டது.

பத்மஜாவுக்கு வலியசாலையில் வீடு, ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வெளியே, கார் கிளப்காரர்களின் கால் மைல் ஓட்டத்தில்தான் ஆளைப் பிடிக்க முடியும். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஆளோடு சேர்த்து வண்டியின் எடை, முடிவுக்கோட்டைத் தாண்டும்போது இருந்த வேகம், இந்த இரண்டும் கிடைத்தால் போதும். வேகத்தை வேகத்தால் இருமுறை பெருக்கி, எடையால் பெருக்கி, எதாலோ வகுத்து, என்ஜினுக்கு இத்தனை குதிரைசக்தி என்று சொல்லிவிடுவார். கணக்குப் போடும்போது இடது காதுத் தோட்டைத் திருகுவார். அப்போது யாராவது பேசினால் தொலைந்தார்கள்.

"மாமி, கம்பெனிக்காரன் நூத்திப்பத்துன்னு பறஞ்சிட்டுண்டல்லோ!" என்று முறையிட்டான் பிரஜின்.

"அவன் பறஞ்சா ஆச்சா? எண்பத்தாறாக்கும். போய் டயர்ல காத்தைப் பாரு."

இப்படி ஊரார் முகத்தையெல்லாம் வாடவைத்தவருக்குப் போன ஞாயிறு சொந்த வீட்டிலேயே சோதனை வந்தது. கணவர் வெங்கிடேஷ் தன் பழைய காரின் என்ஜினை மாதக்கணக்கில் பிரித்துப் பூட்டியிருந்தார். "நூறு குதிரைக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வண்டியைப் பிரஜினுக்கே வித்துடறேன்" என்று கிளப் முழுக்கச் சவடால் வேறு. பத்மஜாவுக்கும் அந்தக் கார் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் பொன்முடி மலைக்குப் போனது அதில்தான். வழியில் கல்லாற்றில் அது நின்றுபோய், பட்டுப்புடவையோடு தள்ளியதை இன்றும் பெருமையாகச் சொல்வார்.

கார் சீறிக்கொண்டு ஓடித் திரும்பியது. தோட்டைத் திருகிய விரல் நின்றது.

"தொண்ணூத்தெட்டு."

"ரெண்டுதானேடீ..." என்றார் வெங்கிடேஷ் பாவமாக.

"ரெண்டுன்னா ரெண்டுதான். இதே வேகத்துக்கு வண்டி இன்னும் இருபது கிலோ கனமா இருந்திருந்தா நூறு வந்திருக்கும். இல்லையே, நான் என்ன பண்ண?" பொய் சொல்ல வாய் வரவில்லை, காரை விட மனம் வரவில்லை.

வெங்கிடேஷ் சாவியை எடுத்தார். பிரஜின் வெட்கமில்லாமல் கையை நீட்டினான்.

பத்மஜா மூக்கை உறிஞ்சினார். அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காரின் பின்பக்கம் போய் நின்று மறுபடியும் உறிஞ்சினார்.

"ஏன்னா, எடைமேடையிலேர்ந்து நேரே இங்கதானே வந்தேள்?"

"வர வழியில ஸ்ரீவராகத்துல உங்கம்மா நிறுத்தினா. டிக்கியில என்னத்தையோ வெச்சா."

டிக்கியைத் திறந்ததும் பலாப்பழ வாசனை குப்பென்று அடித்தது. பத்மஜா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். உதவிக்கு ஓடிவந்த பிரஜினை முழங்கையால் ஒதுக்கினார். புடவை பாழானால் ஆகட்டும் என்று, அந்தப் பெரிய சக்கைப்பழத்தை இரண்டு கையாலும் வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, எடைக் கருவியின்மேல் ஏறி நின்றார்.