அக்கா கல்யாணத்தில் கழற்றிய கண்ணாடி

கோடையில் வியர்வை இறங்கி இறங்கி, என் கண்ணாடி மூக்கில் உட்காரும் இடத்தில் பச்சை பிடித்துவிடும். அந்தக் களிம்பு நாற்றமும் தோலை விடாத அரிப்பும்தான் பள்ளிக்கூட நாட்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவை. கண்ணாடி இல்லையென்றால் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் முகங்களே கிடையாது, வெறும் நிறங்கள்தான். தெருவில் எனக்குப் பெயர் "சோடாபுட்டி". அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். விசேஷ வீடுகளில் அம்மா கண்ணாடியைக் கழற்றச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியோடு நாலு பேர் பார்த்துவிட்டால் பிற்பாடு வரன் வராதாம். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு!

அக்கா கல்யாணம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. முகூர்த்தம் நெருங்கியதும், "மாப்ள வூட்டுக்காரங்க பாத்துக்கினு இருக்காங்க, வீடியோ வேற எடுக்கறாங்க, கழட்டுடி அத்த!" என்று அம்மா பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மணமேடை எனக்குச் சிவப்பும் மஞ்சளுமாகக் கலங்கித் தெரிந்தது. கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை போட்டார்கள், நானும் குத்துமதிப்பாகப் போட்டேன்.

அப்பா போய்ச் சில வருடங்கள் கழித்து, வேலைக்குச் சேர்ந்ததும், மெட்ராஸில் லேசர் சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவெடுத்தேன். "கண்ணுல போயி நெருப்ப வெப்பாங்களாடி? உங்கப்பா இருந்தா வுட்டிருப்பாரா?" என்று அம்மா அழுதாள். நான் கேட்கவில்லை. முடி கருகுவது போல ஒரு வாசனை, சில நிமிடங்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை கண் திறந்தால், கரண்ட் போய் நின்றிருந்த மின்விசிறியின் மேல் தூசிகூடத் தெரிந்தது. அம்மாவோ என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இனிமே போட்டோல அழகா இருப்பேம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோவுக்காகவா நான் கண்ணைக் கொடுத்தேன்?

இன்று அந்தச் சத்திரம் இல்லை, இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். வீடியோ கேசட்டும் பூஞ்சை பிடித்து ஓடாமல் போய்விட்டது. போன மாதம் அக்கா பேச்சுவாக்கில் கேட்டாள்: "தாலி கட்டும்போது அப்பாவுக்குக் கண்ணு ரெண்டும் தாரதாரயா ஊத்துச்சே, ஞாபகம் இருக்குதா? நீ எதிர்லதானே நின்னுக்கினு இருந்தே?"

அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. எதிரில்தான் நின்றேன்; அவர் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டையாகத் தெரிந்தார். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது போய் அவளிடம் என்னவென்று கேட்பது? ஆனாலும் ஆறவில்லை.