மைனஸ் பதினெட்டு

எங்கள் காக்ஸ் டவுன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மைனஸ் பதினெட்டு என்று பச்சையாக எரியும். இப்போதும் அதே எண்தான். அண்ணன் மகள் யு.கே.ஜி. போகிறாள், ஐஸ்கிரீமுக்காக நாளெல்லாம் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறாள். அண்ணியும் பிழைத்து எழுந்து வேலைக்குப் போகிறார். எனக்கு மட்டும் அந்த எண்ணைப் பார்த்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அண்ணியின் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்தபின் தாய்ப்பால் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் மருந்துக்கு ஒரு திங்கட்கிழமை குறித்தாயிற்று. அதுவரை, பிள்ளை குடித்தது போக மிஞ்சிய பாலையெல்லாம் சின்னச் சின்னப் பைகளில் பிடித்து ஃப்ரீசரில் அடுக்கினார் அண்ணி. "நான் ஆஸ்பத்திரியில கெடந்தாலும் எம் பொண்ணு எம் பாலத்தான் குடிப்பா" என்பார்.

அந்த வாரம் ஒரு பை தொட்டால் அமுங்கியது. அம்மா உடனே குற்றவாளியைப் பிடித்துவிட்டாள். வாரத்துக்கும் சேர்த்து அரைத்த இட்லி மாவுப் பாத்திரம்! "இது காத்து வர்ற ஓட்டைய அடைச்சிக்கிட்டு நிக்குதுடா, அதான்." பாத்திரத்தை வெளியே எடுத்தோம். கதவில் மைனஸ் பதினெட்டு. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. மாவு புளித்துப் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் திறந்தால் எல்லாப் பைகளும் தண்ணீராக இருந்தன. கார்களின் சென்சார்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றி, வெப்பம் அறியும் அந்தக் குட்டி சென்சாரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். என் கைச்சூட்டிலும் மைனஸ் பதினெட்டு! வெந்நீரில் முக்கினேன், அதற்கும் அதே எண். பாவி, வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறது; அதை நம்பி மோட்டாரும் ஓடாமல் நின்றிருக்கிறது. மெக்கானிக் வந்து உதட்டைப் பிதுக்கினார். "சென்சார் ஹோய்து சார், போயிடிச்சு. புதுசு செவ்வாக்கெழமதான் வரும்." கத்தினேன், கெஞ்சினேன். அவர் மட்டும் என்ன செய்வார், பாவம்.

பக்கத்து வீட்டு ஃப்ரீசரைக் கேட்கலாமா என்றேன். "உருகினத திரும்ப உறைய வெக்கக் கூடாது தம்பி" என்றார் அண்ணி, நர்ஸ் சொல்லியிருந்தாராம். பிள்ளையால் குடிக்க முடிந்தது இரண்டே பை.

மீதியை மறுநாள் நான்தான் கொட்டினேன். "சிங்க்ல ஊத்தாதடா, காலு படாத எடமாப் பாத்து ஊத்து" என்றாள் அம்மா. செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினேன். அண்ணி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பையாகப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நாளைக்குத்தான தம்பி ஆஸ்பத்திரி?"

"ஆமா அண்ணி."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்கப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவளோ வயிறு நிறைந்து தூங்கித் தூங்கி விழுந்தாள். அண்ணி அவள் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் குடிடி, எந்தங்கம், இன்னும் கொஞ்சம்."