பெரிய கிராணியின் வாயில் வந்த என் கதை

பாதாள லோகம், சந்திர மண்டலம், பேசும் மரம் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கதை எழுதுகிறவன் பேய் பிசாசை நம்பாமலா இருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். சத்தியமாக நம்பியதில்லை. எந்தப் பேய் எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று நானே முடிவு செய்கிறேன், அப்புறம் அதற்கு நானே பயந்தால் எப்படி? திருவிழாவில் யாருக்காவது சாமி வந்தால்கூட ஓரமாக நின்று, இது கதைக்கு ஆகுமா என்று பார்க்கிற ஆள் நான். இப்போது சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் கிழவன் இன்னொரு கதை விடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் போட்ட அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் போலீஸ், நடுவில் நாங்கள். லுக்குட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் சின்னக் கிராணி, அதாவது எழுத்து வேலை பார்க்கிறவர்களில் கடைசி ஆள். சுற்றிலும் முள்கம்பி, ஒரே ஒரு கேட். மரம் வெட்டப் போகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள், ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது, அது காட்டுக்குப் போய்விடுமாம். கடைக்காரர் பால் டின்னை விற்கும்போதே, பதுக்கிவைக்க முடியாதபடி ஓட்டை குத்தித்தான் கையில் கொடுப்பார். இந்தக் கூத்துக்கு நடுவில் நான் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மேசையிலேயே உட்கார்ந்து, ஒரு பத்திரிகையின் ஞாயிறு மலருக்கு வாராவாரம் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். முந்தின கதை நிலாவுக்குப் போனதால் தோட்டத்தில் எனக்குச் சந்திரமண்டலக் கிராணி என்று பெயர். இந்தக் கதை கீழே போனது. ரப்பர் மர வேர்களெல்லாம் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு ராஜ்யம், அங்கே கண்ணில்லாத மனிதர்கள் மரத்துப் பாலைக் காய்ச்சி அமுதமாக்கிக் குடிக்கிறார்கள்.

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆசிரியர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். அதனால்தான் முனியாண்டி வந்தான். மரம் வெட்டுகிறவன், தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவன், ஆனால் எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் கோயிலுக்குப் பின்னால் சிமெண்டு மேடையில் உட்காருவோம், நான் என் கிறுக்கலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். ஒரு வாக்கியம் முடிந்ததும் தலையைத் தூக்காமல், "ஆச்சு, மேல சொல்லுங்க" என்பான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அது இல்லாமல் எனக்கு அடுத்த வரியே ஓடாது. சனிக்கிழமை சைக்கிளில் லுக்குட்டுக்குப் போய்த் தபாலில் சேர்ப்பதும் அவன்தான். இதற்கெல்லாம் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அச்சில் வந்த பக்கத்தை அஞ்சலைக்குக் காட்ட ஒரு நாள் இரவல். அஞ்சலை அவன் பெண்டாட்டி.

நான் செய்த தப்பை இப்போது சொல்கிறேன், கிராணி வேலை பார்க்கிற கதைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆபீஸ் சுவரில் தோட்டத்தின் வரைபடம் தொங்கும், நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன், பாதாள ராஜ்யத்துக்கும் அதையே வைத்துப் படம் போட்டேன். பாலம் இருக்கும் இடத்தில் நாக வாசல், பால் கொட்டகை இருக்கும் இடத்தில் அமுதக் களஞ்சியம், தோட்டத்தின் பதினாலாம் நம்பர் ரப்பர் காட்டில் கிழக்கு வாசல். வாசகர்கள் ரசிப்பார்கள் என்று அதையும் அந்த வார அத்தியாயத்தோடு வைத்து அனுப்பினேன்.

இன்னொரு தப்பும் உண்டு, அது கொழுப்பு. கதையில் ஒரு மந்திரி வருவான், பென்சிலால் காது குடைந்துகொண்டே ராஜாவிடம் கோள் சொல்வான். எங்கள் பெரிய கிராணி அப்படித்தான். முனியாண்டி கதையைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் உரக்க வாசிப்பான், அந்த இடம் வந்தால் சனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும். பெரிய கிராணி காதுக்கும் அது போனது. அதற்குப் பிறகு அவர் ஞாயிறு மலரை ஒரு வாரம்கூட விடாமல் படித்தார்.

அந்தச் சனிக்கிழமை கேட்டில் அரிசி தேடினவர்கள் முனியாண்டியின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் காகிதச் சுருளைக் கண்டுபிடித்தார்கள். கேட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, ஆபீஸுக்கு இழுத்து வந்தார்கள். வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, சின்ன வயசு, படத்தைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. பெரிய கிராணியைப் படித்து மொழிபெயர்க்கச் சொன்னார். நான் பக்கத்து மேசையில் இருக்கிறேன், பத்தடி தூரம்.

"ஏழு நாளைக்கான அமுதம் கிழக்கு வாசலில் இறக்கப்படும்." இது நான் எழுதின வரி. பெரிய கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார், அமுதம் என்பதற்கு உணவு என்று சொன்னார். கதை என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். முந்தின அத்தியாயம் அவர் இழுப்பறையிலேயே இருந்தது.

"அது கதைங்க தொரை, பேப்பர்ல வர்ற கதை" என்றான் முனியாண்டி.

பெரிய கிராணி அதிகாரியிடம், இவனுக்கு ஒன்றும் தெரியாதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

யார் எழுதியது என்று அடுத்த கேள்வி. முனியாண்டி என்னை ஒரு தடவை பார்த்தான். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்று காத்திருக்கிற பார்வை. நான் குனிந்து மைக்கூட்டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "எழுத்து என்னோடதுதாங்க" என்றான். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் அஞ்சலை என் அறை வாசலுக்கு வந்தாள். "கிராணி ஐயா, அது கதைன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுமாம். சொல்லுங்க ஐயா." சொல்கிறேன் அம்மா என்றேன். சிரம்பானுக்குப் போகிறேன், தோட்டத்துத் துரையைப் பார்க்கிறேன், நாளைக்கு, அடுத்த வாரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். போனால் என்னையும் பிடித்து உள்ளே போடுவார்கள் என்ற பயம், வேறொன்றும் இல்லை. இரண்டு மாசம் கழித்துத் தடுப்பு முகாமில் காய்ச்சலில் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. உடம்பைக்கூடக் கொடுக்கவில்லை.

அஞ்சலை ஆபீஸுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். "தெரிஞ்சே பொய் சொன்ன வாயும் வெளங்காது, தெரிஞ்சே மூடிக்கிட்ட வாயும் வெளங்காது" என்றாள். பெரிய கிராணி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்கு அந்த ஆள் மேல் எனக்கு வந்த வெறி இருக்கிறதே, அதுவரை எந்த மனுஷன் மேலும் வந்ததில்லை. என் மேல் வர வேண்டியதையும் சேர்த்து அவர் மேல் வைத்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், இவன் நாசமாகப் போவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான். கதை எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஆசிரியர் கடிதம் போட்டார், பதில் போடவில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். அதே அதிகாரி வந்தார், கம்பிக்கு வெளியே இருந்த தூரத்து லயங்களைக் காலி செய்து எல்லோரையும் கம்பிக்குள் கொண்டுவரப் போகிறார்கள், அதைச் சனங்களுக்கு விளக்க. பால் நிறுத்து முடிந்து சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுகிற இடத்தில், இருநூறு பேர் நின்றார்கள். அதிகாரி ஆங்கிலத்தில் சொல்ல, பெரிய கிராணி தமிழில் சொல்ல வேண்டும். அவருக்குப் பின்னால், கை நீட்டினால் முதுகு தொடும் தூரத்தில், பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நான். இந்தத் தடவை அதிகாரியோடு சிரம்பானிலிருந்து தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவரும் வந்திருந்தார். முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா அந்த மனுஷன் என்று நினைத்தேன்.

அதிகாரி முதல் வாக்கியம் சொன்னார். பெரிய கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"ஏழு நாளைக்கான அமுதம் கிழக்கு வாசலில் இறக்கப்படும்" என்றார்.

குரல் அவருடையதுதான், ஆனால் நிறுத்தி நிறுத்திச் சொன்ன விதம் எழுதுகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற விதம். சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரிய கிராணி கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். கண் இரண்டும் மிரண்டு கிடந்தது, சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. உள்ளே இருக்கிற மனுஷனுக்குத் தன் வாய் என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வாய் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னது: "ஆச்சு, மேல சொல்லுங்க."

நம்புகிறீர்களோ இல்லையோ, அந்த ஆள் என்னை நாலு வருஷமாக 'டேய்' போட்டுத்தான் கூப்பிடுவார். ஒரு நாளும் 'ங்க' போட்டதில்லை.

நான் அப்போதே கத்தியிருக்கலாம். ஐயா, அது கதை, அன்றைக்கு எழுதினது நான் என்று சொல்லியிருக்கலாம். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் எதிரேயே நிற்கிறார். பெரிய கிராணியின் கண் அதைத்தான் கெஞ்சியது. எனக்கு இரக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெறும் சந்தோஷம். அதே அத்தியாயத்திலிருந்து இருப்பதிலேயே கொடூரமான வரி எது என்று ஒரு நொடி யோசித்து, உதடு அசையாமல் அவர் முதுகுக்குச் சொன்னேன்.

"காவலர் கண்ணயரும் நேரம் எனக்குத் தெரியும், அப்போது விளக்கைக் காட்டுவேன்" என்று பெரிய கிராணி இருநூறு பேருக்கும் உரக்கச் சொன்னார்.

தமிழ் தெரிந்த போலீஸ்காரர் அதிகாரியின் காதில் பேசினார். அதிகாரிக்கு அந்த வரிகள் மறந்திருக்குமா, ஒருவனை முகாமுக்கு அனுப்பின வரிகள் ஆயிற்றே. இரண்டு பேர் வந்து பெரிய கிராணியின் கையைப் பிடித்தார்கள். அவர் பென்சில் கீழே விழுந்தது. ஜீப் வரைக்கும் இழுத்துப் போனார்கள், ஏற்றுவதற்கு முன் அவர் திரும்பி நின்று, களம் முழுக்கக் கேட்கும்படி மூன்றாவது வரி ஒன்று சொன்னார்.

"சொன்னவன் ஒருவன், எழுதினவன் ஒருவன். எழுதினவன் போய்விட்டான். சொன்னவனிடம் அவசரமில்லாமல் வருவான்."

நடை என் நடைதான். ஆனால் அது என் கதையில் இல்லை. நான் எழுதவும் இல்லை, அப்போது சொல்லவும் இல்லை.

அன்றைக்கே தமிழ் தெரிந்த போலீஸ்காரர் என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் குறிப்புப் புத்தகத்தில் பெரிய கிராணி பேசினது அப்படியே எழுதியிருந்தது. இரண்டு வரிதான் இருந்தது. மூன்றாவது எங்கே என்று கேட்டேன். "ரெண்டுதான்லா சொன்னாரு. ஜீப்புகிட்ட வாயத் தொறக்கவே இல்லையே" என்றார். அப்புறம் கங்காணியைக் கேட்டேன், வேலையை மேற்பார்க்கிற மண்டோரைக் கேட்டேன், முன்வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டேன். எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் தடவையும் அது கதை என்று நான் சொல்லவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கிராணியை ஏழெட்டு மாசம் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. கெமாஸில் மகள் வீட்டில் இருந்து செத்தார், கடைசி வரைக்கும் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன். அஞ்சலை ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாள், போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை, அதுதான் விஷயம். ஒரு வருஷம் கழித்து மறுபடி எழுத ஆரம்பித்தேன். கல்யாணம் ஆயிற்று, சிரம்பானில் நல்ல வேலை கிடைத்தது, நாலு பிள்ளைகள், ஒன்றுக்கும் பெரிய காய்ச்சல்கூட வந்ததில்லை. புத்தகம் வந்தது, மாலை போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளை பிறந்தபோதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, இதற்குத்தான் இவ்வளவு நாள் விட்டுவைத்தானா என்று நினைத்தேன். பேத்தி கல்யாணத்தில் தாலி கட்டும்போதும் அதே நினைப்பு. எந்தச் சந்தோஷத்தையும் நான் முழுசாகத் தொட்டதில்லை.

என் கதைகளைப் படித்தவர்கள் ஒன்று சொல்வார்கள், உங்கள் பேய்களெல்லாம் கடைசியில் மன்னித்துவிடுகின்றன, உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று. மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒவ்வொரு கதையையும் நான் ஒரே ஒரு வாசகன் படிப்பான் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயசாகிறது. அவன் இன்னும் வரவில்லை.