படிப்பவளுக்குப் புளி வேலை இல்லை

கைப்பேசியின் குரல் இணையப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தது. செய்தி முடிந்த பிறகும் விடாமல் விளம்பரம், பகிர்க, முகப்பு என்று எல்லாவற்றையும் வாசித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

சின்ன வயதில் நானும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் புளியில் கொட்டை எடுக்கும்போது, செங்கம் கடைத்தெருவிலிருந்து மளிகை சுற்றி வந்த பத்திரிகைத் தாளை ஒருத்தி உரக்கப் படிக்க வேண்டும். படிப்பவளுக்குப் புளி வேலை கிடையாது. அதனால் செய்தி தீர்ந்தாலும் துணிக்கடை விளம்பரம், பக்க எண் என்று இழுத்துக்கொண்டே போவேன்.

“ம்மா, வேலைக்குப் பயந்து வெலம்பரத்தயெல்லாம் படிக்கிறா பாரு!” என்பாள் அக்கா.

“படிக்கட்டும் வுடு. சேல இன்னா வெலன்னு கேப்போம்” என்பாள் அம்மா.

இன்றும் அக்காவின் முறத்தில் புளி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அதான் போனே படிக்குதே. நீ இன்னாத்துக்கு சும்மா குந்தினுகீற? வா, கொட்ட எடு.”

அடுத்த செய்தியைத் திறந்து வைத்துவிட்டு, முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.